36 வளைவுகளும் ஒரு மஞ்சள் விளக்கும்

மேட்டுப்பாளையத்தில் தொடங்கி, கல்லாறு, பர்லியார், குன்னூர் வழியாக ஊட்டிக்கு ஏறி, தலைக்குந்தாவில் திரும்பிக் கல்லட்டி மலைப்பாதையில் மசினகுடிக்கு இறங்கும் பயணத்தைப் பெரும்பாலோர் காட்சிகளுக்காகவே மேற்கொள்கிறார்கள். கல்லாற்றுப் பாக்குத் தோப்பு, குன்னூரை நெருங்கும்போது தொடங்கும் தேயிலைச் சரிவு, அருவங்காட்டைத் தாண்டியதும் விரியும் கேத்திப் பள்ளத்தாக்கு, கடைசியில் மாவனல்லாப் பக்கத்து வறண்ட புதர்க்காடு என்று ஒரே பகலில் மண்ணும் மரமும் காற்றும் மாறிக்கொண்டே வருகின்றன. இதே பாதையில் காரின் பிரேக்குக்கு என்ன நேர்கிறது என்று கவனித்தால் வேறொரு பயணம் புலப்படும். சமவெளியில் மாதக்கணக்கில் தலைகாட்டாத ஏபிஎஸ் பழுது இந்த மலையில் ஏதோ ஒரு வளைவில் வெளிப்படும். மீட்டர் போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். ஊர் திரும்பி இன்ஜினை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் விளக்கைக் காணோம். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகினால் ‘இடது முன் சக்கர சென்சார்’ என்று ஒரு வரி வரும். சென்சாரை மாற்றிக் கொடுப்பார்கள். அடுத்த விடுமுறையில் மலையேறும்போது அதே இடத்தில் அதே விளக்கு மறுபடி எரியும். இது நடப்பதற்குக் காரணம் மெக்கானிக்கின் திறமைக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. கேள்வியை அவர் தவறான இடத்தில் தொடங்குகிறார். எந்தப் பாகம் கெட்டுப்போயிருக்கிறது என்று தேடுவதற்கு முன்னால், எந்த நிலையில் விளக்கு எரிந்தது என்று கேட்க வேண்டும். திரும்பும்போதா, நேரே போகும்போதா, மெதுவாகவா, வேகமாகவா, மழையிலா, பிரேக் சூடேறிய பிறகா? நீலகிரிப் பாதை இந்த நிலைகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் தருகிறது. அதனால் ஏபிஎஸ் பழுதை எப்படித் தேட வேண்டும் என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல சாலை எனக்குத் தெரியவில்லை.

ஏபிஎஸ் செய்யும் வேலையை முதலில் சொல்லிவிட வேண்டும். பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது சக்கரம் லாக் ஆகி வழுக்காமல் அது பார்த்துக்கொள்கிறது. லாக் ஆன முன்சக்கரம் ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படாது. எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி போன போக்கிலேயே போகும். 1978-ல் போஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் வந்தது. அன்றிலிருந்து பாகங்கள் சிறுத்து வேகம் கூடியிருக்கின்றனவே தவிர, அமைப்பின் அடிப்படை மாறவில்லை. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு வேக சென்சார் இருக்கிறது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பல் வளையத்தையோ காந்த வளையத்தையோ அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. நான்கு வேகங்களையும் கணினி ஒப்பிட்டு, ஒன்று மட்டும் திடீரென்று விழுந்தால் அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயிலை ஒரு வால்வால் அடைத்து, இன்னொரு வால்வால் அழுத்தத்தை இறக்குகிறது. இறங்கிய ஆயிலை ஒரு சிறு பம்ப் திருப்பி அனுப்புகிறது. ஒரு விநாடிக்குள் இது பலமுறை நடந்து முடிகிறது. இதில் இரண்டு விஷயங்கள் என் வாதத்துக்கு முக்கியமானவை. சாதாரண ஏபிஎஸ் அழுத்தத்தைக் குறைக்க மட்டுமே செய்யும். ஓட்டுநரின் கால் தராத அழுத்தத்தை அதனால் உண்டாக்க முடியாது. அடுத்தது, அந்தக் கணினிக்குச் சாலையும் தெரியாது, மழையும் தெரியாது. சென்சாரின் கம்பி வழியாக வரும் துடிப்புகள் மட்டுமே அதற்குத் தெரியும். ஆகவே சி0035 என்ற குறியீட்டை அது பதிவு செய்யும்போது, இடது முன்பக்கத்திலிருந்து வரவேண்டிய துடிப்பு ஒழுங்காக வரவில்லை என்பதைத்தான் சொல்கிறது. துடிப்பு எங்கே தடைபட்டது என்று அது சொல்லவில்லை. வளையம், பேரிங், இடைவெளி, சென்சார், கம்பி, கப்ளர், கடைசியாகக் கணினியே என்று அந்த வழியில் எத்தனையோ நிறுத்தங்கள் இருக்கின்றன.

மேட்டுப்பாளையத்திலேயே, மலையேறும் முன், வண்டி தன்னைத் தானே ஒருமுறை சோதித்துக்கொள்கிறது. சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். அது எரியவே இல்லையென்றால் நிம்மதியடைய வேண்டாம். யாரோ பல்பைக் கழற்றி வைத்திருக்கலாம், பழைய கார் வாங்குகிறவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். வண்டி நகர்ந்து வேகம் 20 கிலோமீட்டரை நெருங்கும்போது பல கார்களில் பானெட்டுக்குள் ‘டக்’ என்று ஒரு சிறு ஓசை கேட்கும். கணினி பம்ப்பையும் வால்வுகளையும் ஒரு கணம் ஓட்டிப் பார்க்கும் ஓசை அது. மஞ்சள் விளக்கு மட்டும் நின்று எரிந்தால் ஏபிஎஸ் விலகிக்கொண்டது என்று பொருள். சாதாரண பிரேக் வேலை செய்யும், நிதானமாக ஓட்டிப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம். மஞ்சளோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் கதை வேறு. ஆயில் குறைந்திருக்கலாம், அல்லது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரேக் பலத்தைப் பங்கிடும் ஈபிடி என்ற வேலையும் நின்றிருக்கலாம். அந்த நிலையில் ஓங்கி மிதித்தால் பின்சக்கரம் முதலில் லாக் ஆகி வண்டி சுழன்றுவிடக்கூடும். அந்த வண்டியை மலையேற்றவே கூடாது.

கல்லாற்றைத் தாண்டியதும் வளைவுகள் தொடங்குகின்றன. குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். பக்கத்திலேயே, கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளத்தில் மலை ரயில் ஏறுகிறது. சில இடங்களில் 12-க்கு 1 என்ற அளவுக்குச் சரிவு. அந்த ரயிலின் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்மேன் நின்று, விசில் சத்தத்துக்கு ஏற்பத் தன் பெட்டியின் பிரேக்கைத் தனியாக இயக்குகிறார். ஒவ்வொரு சக்கரத்தையும் தனியாகக் கவனிக்க வேண்டும் என்ற தேவையை இந்த மலை நூறாண்டுக்கு முன்பே உணர்ந்திருந்தது. சாலைக்கு வருவோம். சமவெளி நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடிக்கும் சந்தர்ப்பம் வண்டியை நிறுத்தும்போதுதான் வரும். இங்கே சக்கரம் உருளும்போதே, பாரம் ஒரு பக்கம் சாயும்போதே, முழு ஒடிப்பு ஒடிக்க வேண்டியிருக்கிறது. முன்சக்கர சென்சாரின் கம்பி எங்கே போகிறது என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். சுண்டுவிரல் அளவு கறுப்புப் பிளாஸ்டிக் முனை ஒன்று ஒரே ஒரு சின்ன போல்ட்டால், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் பிடிக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து கிளம்பும் கம்பி, ஷாக் அப்சார்பரின் மேல் ரப்பர் கிளிப்புகளில் செருகப்பட்டு, ஒரு வளையலாகத் தொங்கி, மட்கார்டின் உள்பக்கமாக பானெட்டுக்குள் போகும். ஸ்டீயரிங் ஒவ்வொருமுறை திரும்பும்போதும் அந்தத் தொங்கல் மடிகிறது, நிமிர்கிறது. யாராவது ஷாக் அப்சார்பர் மாற்றும்போது ஒரு கிளிப்பைத் திரும்ப மாட்ட மறந்திருந்தால் போதும், கம்பி டயரில் உரசும் அல்லது இழுபடும். மேலுறை நன்றாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டு வரும். நேரே போகும்போது இழைகள் தொட்டுக்கொண்டிருக்கும். முழு ஒடிப்பில் விலகும். ஒர்க்‌ஷாப்பில் நேராக நிற்கும் வண்டியில் மல்டிமீட்டரை வைத்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும்.

இடப்பக்க வளைவில் எரியாமல் வலப்பக்க வளைவில் மட்டும் விளக்கு எரிகிறது என்று ஓட்டுநர் சொன்னால், அந்த ஒரு சொல் ஸ்கேனர் தராத தகவல். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடது சக்கரத்தின் மேல் சாய்கிறது. அந்தப் பக்கத்து பேரிங் தேய்ந்திருந்தால் ஹப் கொஞ்சம் ஆடும்; வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் மட்டுமே இருக்க வேண்டிய இடைவெளி மாறும்; துடிப்பு மங்கும். இதுவும் வளைவில்தான் வரும், அறுந்த கம்பியும் வளைவில்தான் வரும். இரண்டையும் பிரிப்பது கடினமில்லை. வண்டியை நிறுத்திவைத்து ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துக் கம்பியை அங்குலம் அங்குலமாக அசைத்துப் பார்த்தால், கம்பிப் பழுது நின்ற இடத்திலேயே வெளிப்படும். அப்படி வெளிப்படாவிட்டால் ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டி, பேரிங்கில் பிளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சென்சாரைச் சோதிக்கும்போதும் அதன் வகை தெரிந்திருக்க வேண்டும். பழைய கார்களின் சுருள் கம்பி சென்சாருக்கு ஓம் அளவு உண்டு, பெரும்பாலும் 1,000 முதல் 2,000 வரை. இன்றைய கார்களில் இருக்கும் சென்சாருக்குள் மின்னணுச் சில்லு இருக்கிறது. அது மின்சாரத்தை 7, 14 மில்லியாம்பியர் என்ற இரண்டு நிலைகளுக்கு நடுவே மாற்றிக் கணினியோடு பேசுகிறது. அதில் ஓம் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அர்த்தமில்லாத வேலை. இந்த வகைக் கார்கள் பலவற்றில் காந்த வளையம் பேரிங்கின் சீலிலேயே பதிக்கப்பட்டிருக்கிறது. பேரிங் மாற்றுகிறவர் காந்தப் பக்கத்தைச் சென்சாருக்கு எதிர்ப்புறமாகத் திருப்பி அழுத்திவிட்டால், பேரிங்கும் புதிது, சென்சாரும் புதிது, துடிப்பு மட்டும் வராது. பேரிங் மாற்றிய மறுநாளிலிருந்து விளக்கு எரிகிறது என்று வண்டிக்காரர் சொன்னால் அங்கேயே பதில் இருக்கிறது.

இந்தப் பாதையில் வெளிப்படும் பழுதுகளிலேயே எனக்கு மிகவும் கவலை தருவது விளக்கே எரியாத பழுது. கொண்டை ஊசி வளைவுக்கு முன் வேகத்தைக் குறைத்து, 10 கிலோமீட்டர் வேகத்தில் மெல்ல மிதித்துக்கொண்டே போகும்போது, திடீரென்று பெடல் காலை உதைக்கும். ‘கடகட’ என்று ஓசை வரும். நிற்க வேண்டிய வண்டி நிற்காமல் இன்னும் கொஞ்சம் நகரும். சாலை காய்ந்திருக்கும், சக்கரம் வழுக்கியிருக்காது. பல் வளையம் விரிசல் விட்ட காரில் இது நடக்கும். டிரைவ் ஷாஃப்டின் வெளி ஜாயின்ட்டில் இறுக்கி ஏற்றப்பட்ட அந்த வளையத்துக்கு அடியில் துரு பிடிக்கிறது. துரு பருக்கப் பருக்க வளையம் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே மயிரிழையாகப் பிளக்கிறது. 40-க்கு மேற்பட்ட பற்களில் ஒரே ஒரு இடைவெளி மட்டும் அகன்றுவிடுகிறது. சக்கரம் ஒருமுறை சுற்றும்போது ஒருமுறை, துடிப்பு தாமதமாக வருகிறது. வேகமாகப் போகும்போது இந்தத் தாமதத்தைக் கணினி பொருட்படுத்துவதில்லை. மெதுவாகப் போகும்போது சக்கரம் திடீரென்று நின்றதுபோல அதற்குத் தோன்றுகிறது; உடனே அழுத்தத்தை இறக்கிவிடுகிறது. துடிப்பு முழுதும் நின்றுபோகாததால் பழுதாகப் பதிவாவதும் இல்லை. ஸ்கேனரில் குறியீடு இல்லை, விளக்கும் இல்லை. ஆகவே ‘பிரேக் ஓகே’ என்று வண்டி திரும்பி வருகிறது. பேடும் டிஸ்க்கும் மாற்றியும் தீராத இந்தத் தொல்லைக்கு ஒரு எளிய சோதனை உண்டு. யாரும் இல்லாத இடத்தில், ஏபிஎஸ் ஃபியூஸைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டு அதே வேகத்தில் அதேபோல நிறுத்திப் பார்க்க வேண்டும். உதை நின்றுவிட்டால், ஏபிஎஸ் பொய்த் தகவலை நம்பி இயங்கியிருக்கிறது என்பது உறுதி. பிறகு சக்கரத்தைத் தூக்கி, டார்ச் வெளிச்சத்தில் வளையத்தைப் பல் பல்லாகச் சுற்றிப் பார்ப்பதுதான் வேலை. சென்சார் முனையில் பேட் தேய்ந்த இரும்புத் தூள் மீசைபோல் ஒட்டியிருந்தாலும், சென்சாரின் இருக்கையில் துரு மேடிட்டு அதை வெளியே தள்ளியிருந்தாலும் இதே அறிகுறிகள் வரலாம்.

குன்னூர்ச் சரிவில் வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்யும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்தச் சாலை பகல் முழுதும் நனைந்தே கிடக்கும். மழை நாளில் மட்டும் விளக்கு எரிகிறது, வெயில் வந்தால் போய்விடுகிறது என்ற புகாருக்கு இடம் கப்ளர்தான். ரப்பர் சீல் கெட்ட கப்ளருக்குள் தண்ணீர் ஏறி, பின்கள் பச்சை பூத்துப்போயிருக்கும். சில சமயம் தண்ணீர் கம்பியின் உறைக்குள்ளேயே இழை வழியாக ஊறிப் போகும். அப்போது ஒரு சாண் தள்ளி வெட்டிப் பார்த்தாலும் செம்பு கறுத்திருக்கும். எலி கடித்த கம்பியும் மழையில்தான் காட்டிக்கொடுக்கும். பேட்டரி தளர்ந்திருந்தாலும், எர்த் கம்பியின் அடி துருவேறியிருந்தாலும், வைப்பரும் ஹெட்லைட்டும் ஃபேனும் ஒன்றாக ஓடும் மழை நாளில் மின்னழுத்தம் சரிந்து ஏபிஎஸ் கணினி விலகிக்கொள்ளும். இதில் சென்சார் செய்த தவறு எதுவும் இல்லை.

இவ்வளவு தூரம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை, இன்றைய ஸ்கேனர்கள் பழைய ஸ்கேனர்கள் அல்ல என்று ஒரு மறுப்பு வரும். நியாயமான மறுப்பு. பழுது பதிவான கணத்தில் வண்டியின் வேகம் என்ன, பிரேக் மிதிக்கப்பட்டிருந்ததா என்பதையெல்லாம் பல கார்கள் சேமித்து வைக்கின்றன. நான்கு சக்கர வேகங்களையும் ஓடும்போதே கோடுகளாக வரைந்து காட்டும் கருவிகள் இன்று சாதாரண ஒர்க்‌ஷாப்பிலும் இருக்கின்றன. நான் கருவிக்கு எதிராகப் பேசவில்லை. குறியீட்டைப் படித்ததும் கருவியைக் கழற்றி வைத்துவிடுவதுதான் பிரச்சினை என்கிறேன். அதே கருவியைச் செருகியபடியே வண்டியை ஓட்டி, திருப்பி, நனைத்து, மிதித்துப் பார்த்தால் நான்கு கோடுகளில் எது எந்தக் கணத்தில் விழுகிறது என்று கண்ணெதிரே தெரியும். அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. திருப்பத்தில் நான்கு கோடுகளும் ஒன்றாக இருக்காது. எட்டு மீட்டர் ஆரமுள்ள வளைவில் ஒன்றரை மீட்டர் அகலமுள்ள காரின் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஏறத்தாழ 20 சதவீதம் வேகமாகச் சுற்றியாக வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பழுது என்று எடுத்துக்கொண்டு சென்சார் மாற்றினால் பணம்தான் போகும். நேரான சாலையில் ஒரு கோடு மட்டும் எப்போதும் மேலே ஓடினால், சென்சாரை விட்டுவிட்டு அந்தச் சக்கரத்தின் டயர் அளவையும் காற்றையும் முதலில் பார்க்க வேண்டும். விரிசல் வளையத்தின் ஒற்றைத் துடிப்பை ஸ்கேனரின் கோடு பெரும்பாலும் காட்டாது, ஏனென்றால் அது அத்தனை வேகமாகப் பதிவு செய்வதில்லை. அதற்கு ஆசிலோஸ்கோப் வேண்டும், அல்லது டார்ச்சும் பொறுமையும் வேண்டும்.

இரண்டாவது மறுப்பு கூலியைப் பற்றியது. சென்சார் சில ஆயிரம் ரூபாய்தான், மாற்ற அரை மணி நேரம். ஓட்டிப் பார்ப்பதற்கும் கம்பியைத் தடவுவதற்கும் ஆகும் நேரத்துக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று ஒர்க்‌ஷாப்காரர் கேட்கலாம். நேரத்துக்குக் கூலி வாங்க அவருக்கு முழு உரிமை உண்டு, வண்டிக்காரர் அதைக் கொடுக்கவும் வேண்டும். ஆனால் மாற்றிப் பார்க்கும் வழி மலிவானது என்ற கணக்கு முதல் முறையே சரியாக அமைந்தால்தான் செல்லும். துருவேறிய நக்கிளில் பல ஆண்டுகள் இருந்த சென்சார் முழுதாக வெளியே வருவது அரிது. திருகினால் உடைந்து அடிப்பாதி உள்ளேயே நின்றுவிடும். அதைத் துளைத்து எடுக்கும்போது வளையத்தில் அடிபட்டால், இல்லாத பழுது ஒன்று உண்டாகிறது. துரு மேட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது சென்சாரை உட்கார வைத்தால் பழைய இடைவெளி அப்படியே இருக்கும். அடுத்ததாக ஏபிஎஸ் யூனிட்டையே மாற்றச் சொல்வார்கள்; அதன் விலையோடு ஒப்பிட்டால் ஒரு மணி நேரச் சோதனைக் கூலி எதுவுமே இல்லை.

ஊட்டியிலிருந்து தலைக்குந்தாவுக்கு வந்தால் கல்லட்டிப் பாதை பிரிகிறது. 36 கொண்டை ஊசி வளைவுகள்; கீழே மசினகுடி. வெளியூர் வண்டிகள் இந்த வழியாக ஏறி வரலாம், இறங்கக் கூடாது என்று காவல்துறை இங்கே நிறுத்துகிறது, இறங்குவது டி.என். 43 என்று தொடங்கும் உள்ளூர் வண்டிகள்தான். முதல் கியரிலோ இரண்டாம் கியரிலோ செல்லுங்கள் என்று பலகைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஏன் இந்தக் கெடுபிடி என்று கேட்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள கார் 1,200 மீட்டர் கீழே இறங்கினால் வெளியேற்ற வேண்டிய ஆற்றல் 50 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கியரில் இறங்கினால் இதில் பெரும்பகுதியை இன்ஜின் தாங்கிக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால், டயர் உராய்வும் காற்றும் எடுத்துக்கொள்வது போக மீதி எல்லாமே நான்கு சக்கரங்களின் டிஸ்க்கிலும் டிரம்மிலும் சூடாக இறங்கும். அந்தச் சூடு காலிப்பருக்குள் போய் ஆயிலைத் தொடும். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 வரை இறங்கிவிடும். டாட் 3 ஆயிலில் இந்த எண்கள் 205, 140. கொதித்த ஆயிலில் ஆவிக்குமிழ் உண்டாகிறது, ஆவி அமுங்கும், பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

இந்த நேரத்தில் ஏபிஎஸ் என்ன செய்யும்? எதுவும் செய்யாது. சக்கரம் லாக் ஆகவில்லை, நான்கு துடிப்புகளும் ஒழுங்காக வருகின்றன, கணினியின் பார்வையில் குறை எதுவுமில்லை. கல்லட்டியில் உயிருக்கு உலை வைக்கும் பழுதுக்கு மஞ்சள் விளக்கு எரியாது. ஏபிஎஸ் இருக்கிறது, பயமில்லை என்று இறங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆயில் மாற்றுவது ஏபிஎஸ் சர்வீஸில் சேராது என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளவும் கூடாது. ஈரமேறிய பழைய ஆயில் மலையில் கொதிப்பது ஒரு பக்கம். சமவெளியில் நின்றபடியே அது யூனிட்டின் நுண்ணிய வால்வுகளைத் துருப்பிடிக்க வைக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது அந்த யூனிட்டுக்குச் செய்யும் பராமரிப்பு. பேட் மாற்றும்போது காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள். அப்போது பிளீடர் ஸ்க்ரூவைத் திறந்துவிட்டால் காலிப்பரின் அடியில் தேங்கிய கறுத்த ஆயில் வெளியே வரும், திறக்காவிட்டால் வால்வுகளை நோக்கித் திரும்பிப் போகும். யூனிட்டைக் கழற்றி மாட்டியிருந்தாலோ ரிசர்வாயர் வற்றியிருந்தாலோ, பல கார்களில் பெடலை மிதித்து பிளீடிங் செய்தால் மட்டும் போதாது. ஸ்கேனர் வழியாகப் பம்ப்பையும் வால்வுகளையும் இயக்கினால்தான் உள்ளே மாட்டிய காற்று வெளியேறும். ஸ்கேனர் உண்மையில் இன்றியமையாத இடம் இதுதான். இறங்கி முடித்ததும் கொதிக்கும் சக்கரத்தில் வாளித் தண்ணீரை ஊற்றும் பழக்கம் ஒன்று இருக்கிறது. டிஸ்க் நெளியும், பேரிங் சீல் தண்ணீரை உறிஞ்சும். சில மாதங்களில் அதே சக்கரத்திலிருந்து சென்சார் புகார் வரும்.

இவ்வளவு தொல்லை தரும் ஏபிஎஸ் எதற்கு, முன்பு மலையில் வண்டி ஓட்டவில்லையா, ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் நிம்மதி என்று சொல்பவர்கள் மலைப்பகுதி ஓட்டுநர்களிலேயே இருக்கிறார்கள். அவர்கள் பக்கமும் சான்று இருக்கிறது. தளர்ந்த சரளை மண்ணில் லாக் ஆன சக்கரம் தன் முன்னே மண்ணைக் குவித்து நிற்கும். ஏபிஎஸ் அப்படிக் குவிய விடாது, நிற்கும் தூரம் கூடலாம். அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2009-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், ஏபிஎஸ்ஸால் கார்களின் மொத்த விபத்துகள் 6 சதவீதம் குறைந்தாலும் உயிர்ப்பலி விபத்துகளில் நிகர மாற்றம் ஏறக்குறைய இல்லை என்றே கண்டது. ஏபிஎஸ் மந்திரம் அல்ல என்பதை இந்த எண்கள் நேர்மையாகச் சொல்கின்றன. ஆனால் ஃபியூஸைப் பிடுங்கிய புதிய கார், ஏபிஎஸ் இல்லாத பழைய காராக மாறிவிடுவதில்லை. பழைய கார்களில் பின்சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த ஒரு வால்வு தனியாக இருந்தது. ஈபிடி வந்த பிறகு பல கார்களில் அந்த வால்வையே எடுத்துவிட்டார்கள். அத்தகைய காரில் ஃபியூஸ் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. வளைவில் வண்டி சுழலாமல் பிடித்து நிறுத்தும் ஈஎஸ்சி அமைப்பும் இதே நான்கு சென்சார்களை நம்பித்தான் இயங்குகிறது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் எல்லாக் கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயம்; ஆகவே இந்த மலையில் ஓடும் வண்டிகளில் ஆண்டுக்கு ஆண்டு அதிகமானவை இந்த அமைப்பை நம்பி வடிவமைக்கப்பட்டவையாகவே இருக்கும்.

மசினகுடியைத் தாண்டித் தெப்பக்காட்டுக்குள் போகும்போது மான் குறுக்கே ஓடிவந்து ஓங்கி மிதிக்க நேர்ந்தால், பெடல் காலுக்கடியில் அதிர்ந்து ‘கடகட’ என்று சத்தமிடும். அங்கே அந்த அதிர்வு ஏபிஎஸ் ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளம். பயந்து காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கால் விலக வேண்டும். வளைவுக்கு முன் 10 கிலோமீட்டர் வேகத்தில் காய்ந்த தாரில் வந்த அதே அதிர்வு பழுது. ஒரே உணர்வு, எந்த நிலையில் வந்தது என்பதைப் பொறுத்து நேரெதிரான இரண்டு பொருள்கள். மலை இல்லாத ஊரில் இருக்கும் மெக்கானிக் இந்த நிலைகளுக்கு எங்கே போவார் என்று கேட்கலாம். காலி மைதானம் ஒன்று இருந்தால் போதும். ஸ்கேனரைச் செருகியபடி மெதுவான வேகத்தில் முழு ஒடிப்பில் இடமும் வலமுமாக எட்டுப் போட்டால் 14 வளைவுகளின் வேலை முடிந்துவிடும். நிறுத்துவதற்குச் சற்று முன்பு மெல்ல மிதித்துப் பார்த்தால் வளையத்தின் விரிசல் பேசும். கப்ளர்களின் மேல் தெளிப்பானால் தண்ணீர் அடித்தால் குன்னூர் மழை. ஆயிலின் ஈரத்தை அளக்கப் பேனா அளவுக் கருவி கடையில் கிடைக்கிறது. வேலை முடிந்த பிறகும் பல கார்களில் விளக்கு உடனே அணையாது. 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி ஓட்டி, நான்கு சக்கரத் துடிப்பையும் கணினி சரிபார்த்த பிறகுதான் அணையும். அணைந்ததும் வண்டியை ஒப்படைத்துவிடாமல், புகாரில் சொன்ன அதே திருப்பத்தை, அதே வேகத்தில், அதே பக்கம் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுக்கலாம்.